உதகைப் பனியில் நான்கு ஆண்டுகள்: கோழிக்கூட்டில் சிவப்பு விளக்கும் டைமரும்

உதகையில் உறைபனி விழும் பள்ளத்தை ஒட்டிய எங்கள் வீட்டின் பின்புறத்தில், எட்டு கிராமப்ரியா கோழிகளை நான்கு பனிக்காலங்களாக வளர்த்து வருகிறேன். அவற்றுக்காக வாங்கியவற்றில் எது உதவியது, எது வீண் என்பதை இப்போது ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது.

முதல் ஆண்டு, சூடு தரும் 250 வாட் சிவப்பு விளக்கைத் தொங்கவிட்டு, கூட்டை நான்கு பக்கமும் தார்ப்பாயால் இறுக்கி மூடினேன். இரவு முழுவதும் எரிந்ததில் நாளொன்றுக்கு 3 யூனிட் மின்சாரம் போனது. அதைவிட, விடியற்காலையில் கதவைத் திறந்ததும் கண்ணைக் கரித்த எச்ச நெடியும், தார்ப்பாயின் உட்புறத்திலிருந்து சொட்டிய நீரும்தான் என்னைக் கலங்கச் செய்தன. இரண்டு கோழிகள் தும்மின. ஒரு நாள் விளக்கின் கம்பி நழுவி, கீழே கிடந்த உமி உள்ளங்கை அளவுக்குக் கருகியிருந்ததைப் பார்த்த அன்றே அதைக் கழற்றிவிட்டேன்.

கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்தால் எங்கள் ஊர்க் குளிரை அது எளிதில் தாங்கிவிடுகிறது. தாங்க முடியாதது ஈரமும் நேராக மேலே வீசும் காற்றும்தான். ஆகவே கூரையை ஒட்டி ஒரு சாண் இடைவெளி விட்டு, கீழே மட்டும் தார்ப்பாய் கட்டி, உமியை அரை அடி உயரத்துக்குக் கொட்டி வாரம் இருமுறை கிளறிவிட்டேன். கால் விரல்கள் வயிற்று இறகுக்குள் மறையும்படி, உட்காரும் கம்பை எடுத்துவிட்டுப் பட்டையான சட்டத்தைப் பொருத்தினேன். தும்மல் நின்றது.

வெளிச்சத்தின் கதை வேறு. டிசம்பரில் இங்கே பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம்தான். முட்டைக்கோழிக்கு 14 மணி நேரமாவது வேண்டும். இளங்கோழிகள் முதல் பனிக்காலத்தில் விளக்கில்லாமலேயே முட்டையிட்டன; இரண்டாம் பனிக்காலத்தில் இறகு உதிர்த்து, நாளுக்கு இரண்டு முட்டையோடு நின்றன. மூன்றாம் ஆண்டு செப்டம்பர் முதலே 9 வாட் எல்இடி பல்பை வாரம் அரை மணி நேரமாக முன்தள்ளி, அதிகாலை 4 மணிக்கு எரியும்படி டைமரில் வைத்தேன். டிசம்பரிலும் நான்கைந்து முட்டைகள் கிடைத்தன. மாலையில் வெளிச்சத்தை நீட்டுவதை நான் விரும்பவில்லை. பல்பு சட்டென அணைந்தால் கோழிகள் சட்டத்தில் ஏற வழி தெரியாமல் தரையிலேயே ஒடுங்கிவிடுகின்றன.

ஒரே குறை, நான் வாங்கியது திருகு வகை டைமர் என்பது. மின்சாரம் போகும் நேரமெல்லாம் அதுவும் நின்றுவிடும். கடந்த ஜனவரியில் நான் கவனிப்பதற்குள் இரண்டு மணி நேரம் பின்தங்கி, 4 மணிக்கு எரிய வேண்டிய பல்பு 6 மணிக்கு எரிந்துகொண்டிருந்தது. மூன்று கோழிகள் இறகு உதிர்க்கத் தொடங்கிவிட்டன. இப்போது பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் பொருத்தியிருக்கிறேன்.

சிவப்பு விளக்கை எறிந்துவிடவில்லை. புதிய கம்பியுடன் இரட்டைச் சங்கிலியில் கட்டிக் குஞ்சுகளுக்கு மட்டும் பயன்படுத்துகிறேன். முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரம் 3 டிகிரியாகக் குறையும்படி விளக்கை உயர்த்துகிறேன். வெப்பமானியைவிடக் குஞ்சுகளே சரியாகச் சொல்கின்றன: விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர், ஓரத்துக்கு ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு.