கரண்ட் போனா மீன் டேங்க்கை எப்படி காப்பாத்துறது: பேட்டரி ஏர் பம்ப்போட ஏழு வருஷ அனுபவம்

எங்க வீடு சென்னை பள்ளிக்கரணை, முதல் மாடி. ஹால்ல மூணு அடி டேங்க், சுமாரா 160 லிட்டர் தண்ணி, அதுல ரெண்டு ஏஞ்சல், எட்டு கோரி, ஒரு டஜன் பிளாக் ஸ்கர்ட் டெட்ரா, ஒரு பேர்ல் கௌராமி. 2017ல இருந்து மூணு விதமான பேட்டரி ஏர் பம்ப், அதாவது கரண்ட் இல்லாதப்போ டியூப் வழியா தண்ணிக்குள்ள காத்து குமிழி விடுற பம்ப், மாத்தி மாத்தி யூஸ் பண்ணியிருக்கேன், மே மாச கரண்ட் கட்டுலயும் பண்ணியிருக்கேன், 2023 மிக்ஜாம் புயல்ல 87 மணி நேரம் கரண்ட் இல்லாமலும் பண்ணியிருக்கேன். டிசம்பர் வந்தாலே நம்ம பக்கம் மீன் வளர்க்குற எல்லாருக்கும் வயித்துல புளி கரைக்கும், அதான் எழுதுறேன்.

ஏன் பேட்டரி பம்ப் வாங்கினேன்னா வர்தா புயல். 2016 டிசம்பர் 12. அப்போ ரெண்டரை அடி டேங்க்ல ஆறு கோல்ட் ஃபிஷ் வச்சிருந்தேன், எல்லாமே உள்ளங்கை சைஸ். மதியம் போன கரண்ட் நாலாவது நாள்தான் வந்துச்சு. முதல் நாள் ராத்திரியே எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டு இருந்துச்சு, பசிக்குதுன்னு நினைச்சு நான் தீனி போட்டேன். அதை நினைச்சா இன்னைக்கும் மனசு கஷ்டமா இருக்கு. தீனி போட்டா மீன் இன்னும் அதிகமா மூச்சு விடும், மிச்ச தீனி அழுகி இருக்குற ஆக்ஸிஜனையும் இழுத்துக்கும், அம்மோனியாங்குற விஷமும் ஏறும்னு அப்போ எனக்கு தெரியாது. நாலு மீன் போயிடுச்சு. கடைக்கு ஓடலாம்னா ரோடெல்லாம் மரம் விழுந்து கிடக்கு, பழைய நோட்டு செல்லாதுன்னு சொல்லி ஒரு மாசம்தான் ஆச்சு, கையில காசும் இல்ல, ஏடிஎம்லயும் இல்ல.

பொங்கல் முடிஞ்சு கொளத்தூர் போனேன். அங்க ஒரு கடை அண்ணன்கிட்ட நடந்ததை சொன்னப்போ அவர் சொன்னார், "தம்பி, ஃபில்டர் நின்னா மீன் உடனே சாகாது, காத்து நின்னாதான் சாகும்". இத்தனை வருஷத்துல நான் கத்துக்கிட்டதெல்லாம் இந்த ஒரு வரியோட விளக்கம்தான். நம்ம ஊர் சூட்டுல இது இன்னும் முக்கியம், ஏன்னா தண்ணி சூடாக ஆக அதுல கரையுற ஆக்ஸிஜன் குறையும், 20 டிகிரியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரைக்கும் நிக்கும்னா 30 டிகிரியில ஏழரைதான். அந்த சூட்டுல மீனுக்கு தேவை வேற ஜாஸ்தி ஆகும்.

அன்னைக்கு வாங்கினது பெரிய டார்ச் செல் ரெண்டு போடுற பம்ப், 450 ரூபா. சத்தம் ஜாஸ்தி, ராத்திரி ஹால்ல யாரும் தூங்க முடியாது, ஆனா நல்ல அல்கலைன் செல் போட்டா ஒரு நாளைக்கு மேல ஓடும், சாதா செல் போட்டா அதுல பாதி கூட வராது. இதுல நான் செஞ்ச தப்பு, செல்லை உள்ளயே போட்டு அலமாரியில வச்சேன். 2018ல திறந்தா உள்ள வெள்ளை வெள்ளையா பூத்து ஸ்பிரிங் எல்லாம் அரிச்சு போயிருந்துச்சு, வினிகர்ல பஞ்சை நனைச்சு துடைச்சு, உப்புத்தாள் வச்சு தேய்ச்சு எப்படியோ ஓட வச்சேன். அதுல இருந்து செல்லை தனியா ஒரு கவர்ல போட்டு பம்ப்போட சேர்த்து ரப்பர் பேண்ட் கட்டி வைக்கிறேன். அந்த பம்ப் இன்னும் உயிரோட இருக்கு.

2019ல சார்ஜ் பம்ப் வாங்கினேன், அதாவது எப்பவும் பிளக்ல மாட்டியே இருக்கும், கரண்ட் போன அடுத்த நொடி தானா ஓட ஆரம்பிக்கும். நாம ஆபீஸ்ல இருக்கும்போது கரண்ட் போனாலும் கவலை இல்ல, அந்த ஒரு விஷயத்துக்காகவே கொடுத்த காசு தகும். முதல் வருஷம் டெஸ்ட் பண்ணப்போ முழுசா 18 மணி நேரம் ஓடுச்சு. ஆனா எப்பவும் ஃபுல் சார்ஜ்லயே கிடக்குறதால பேட்டரி மெதுவா சாகுது, வெளிய பாத்தா பச்சை லைட் அழகா எரியும், உள்ள ஒண்ணும் இருக்காது. 2021ல 11 மணி நேரம், 2023 ஆகஸ்ட்ல 5 மணி நேரம். இதை நான் டெஸ்ட் பண்ணி பாத்ததாலதான் தெரிஞ்சுது, இல்லன்னா புயல் அன்னைக்குத்தான் தெரிஞ்சிருக்கும். ஈபில மாசாமாசம் பராமரிப்புக்கு கரண்ட் நிறுத்துவாங்கல்ல, அந்த நாளையே டெஸ்ட் நாளா வச்சுக்கிட்டேன், எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது எத்தனை மணிக்கு நின்னுச்சுன்னு காலண்டர்ல எழுதிடுவேன்.

மூணாவது, சும்மா யூஎஸ்பி ஒயர் மட்டும் இருக்குற குட்டி பம்ப். உள்ள பேட்டரியே கிடையாது, பவர் பேங்க்ல மாட்டணும். என்னைக் கேட்டா இதுதான் பெஸ்ட், ஏன்னா பேட்டரி போனா பவர் பேங்க்கை மட்டும் மாத்தினா போதும். 20000 எம்ஏஹெச் பவர் பேங்க்ல கிட்டத்தட்ட 40 மணி நேரம் ஓடுது. ஆனா ஒண்ணு, சில பவர் பேங்க் இந்த மாதிரி குட்டி பம்ப் இழுக்குற கரண்ட்டை கண்டுக்காம, எதுவும் மாட்டலன்னு நினைச்சு கொஞ்ச நேரத்துல தானா ஆஃப் ஆயிடும். எங்க வீட்டுல இருந்த ரெண்டுல ஒண்ணு அப்படித்தான். வாங்கின அன்னைக்கே ஒரு ராத்திரி ஓட விட்டு பாத்துடுங்க.

இன்வெர்ட்டர் இருக்கே, அப்புறம் எதுக்கு இதெல்லாம்னு நிறைய பேர் கேப்பாங்க. நாலஞ்சு மணி நேர கட்டுக்கு இன்வெர்ட்டர் போதும். எங்க வீட்டுல 150 ஏஹெச் பேட்டரி, ஃபேன் லைட் கூட கேனிஸ்டரும், அதாவது டேங்க்குக்கு வெளிய மூடின டப்பாவா இருக்குற ஃபில்டரும் அதுலதான் ஓடும். ஆனா புயல்ல ஒரு நாள்ல காலி. அம்மாவுக்கு ஃபேன் இல்லன்னா தூக்கம் வராது, கொசு வேற, அவங்ககிட்ட போய் மீனுக்காக ஃபேனை நிறுத்துங்கம்மான்னு எப்படி சொல்றது.

இப்போ மிக்ஜாம். டிசம்பர் 4 விடியக்காலை மூணு மணிக்கு கரண்ட் போச்சு. காலையில பாத்தா கீழ கார் பார்க்கிங்ல இடுப்பளவு தண்ணி, மீட்டர் பாக்ஸ் எல்லாம் முங்கிப் போச்சு, அதைப் பாத்ததுமே இது இன்னைக்கு நாளைக்கு வராதுன்னு புரிஞ்சுது. இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிச்சதும் நான் முதல்ல செஞ்சது கேனிஸ்டரை கழட்டினது. இதுக்கு ஒரு காரணம் இருக்கு. 2020ல ஒரு தடவை எட்டு மணி நேரம் கட் ஆகி கரண்ட் வந்ததும் கேனிஸ்டர் தானா ஓட ஆரம்பிச்சு, குழாய்ல இருந்து பழுப்பு கலர்ல தண்ணி பீச்சுச்சு, அழுகின முட்டை நாத்தம், மறுநாள் ரெண்டு கோரி செத்துப் போச்சு. மூடின டப்பாவுக்குள்ள தண்ணி ஓடாம நின்னா அதுல இருக்குற நல்ல பாக்டீரியா மூச்சு முட்டி செத்துடும், அழுக்கெல்லாம் அங்கேயே அழுகும். அதனால இந்த தடவை அந்த பாக்டீரியா ஒட்டியிருக்குற செராமிக் ரிங்கை எல்லாம் காய்கறி வாங்குற வலைப் பையில போட்டு டேங்க்குள்ளயே, காத்து குமிழி மேல வர்ற இடத்துல தொங்க விட்டேன். ஏர் பம்ப் காத்துலயே ஓடுற ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒண்ணு எப்பவும் டேங்க் மூலையில ஓடிக்கிட்டே இருக்கும், அதோட டியூபை பேட்டரி பம்ப்ல மாத்தி மாட்டினா போதும், காத்தும் ஆச்சு ஃபில்டரும் ஆச்சு. டியூப் நடுவுல ஒரு நான் ரிட்டர்ன் வால்வு கண்டிப்பா போடுங்க, பத்து ரூபா இருபது ரூபா சமாச்சாரம், அது இல்லன்னா பம்ப் நின்னதும் தண்ணி டியூப் வழியா பின்னாடி வந்து பம்ப்பையும் கெடுத்து ஹாலையும் நனைக்கும்.

முதல் அஞ்சு மணி நேரம் சார்ஜ் பம்ப். அப்புறம் பவர் பேங்க். போனுக்கும் அதே பவர் பேங்க்தான், தம்பி தாம்பரத்துல மாட்டிக்கிட்டான், அவன்கிட்ட பேசணும், அதனால பகல்ல ஒரு மணி நேரம் ஓட்டி ஒரு மணி நேரம் நிறுத்தினேன். ராத்திரி மட்டும் நிறுத்தவே இல்ல, ஏன்னா இருட்டுல செடியும் ஆக்ஸிஜனை எடுத்துக்கும், விடியுறதுக்கு முன்னாடிதான் தண்ணியில ஆக்ஸிஜன் ரொம்ப கம்மியா இருக்கும். தீனி சுத்தமா கிடையாது. நாலு நாள் சாப்பிடலன்னா பெரிய மீனுக்கு ஒண்ணும் ஆகாது, இது சத்தியமான உண்மை. மூணாவது நாள் ட்ரம்ல பிடிச்சு வச்சிருந்த தண்ணியில ரெண்டு பக்கெட் மட்டும் மாத்தினேன்.

மூணாவது நாள் ராத்திரி பவர் பேங்க்கும் காலி. கடைசியா அந்த பழைய செல் பம்ப்பை எடுத்தேன், செல் மாட்டினேன், ஓடல. ஸ்பிரிங்ல ஒட்டல போல. டார்ச்சை வாயில கடிச்சுக்கிட்டு அதை சுரண்டிக்கிட்டு இருக்கும்போது அம்மா எழுந்து வந்து, ஒண்ணும் பேசாம, ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து மக்கால தண்ணியை மொண்டு ஒரு அடி உயரத்துல இருந்து ஊத்த ஆரம்பிச்சாங்க. ஊத்துறப்போ தண்ணி மேல்பரப்பு உடைஞ்சு காத்து கலக்கும், அது நல்ல வழிதான், ஆனா கை வலிக்கும். இருவது நிமிஷம் ஊத்தினாங்க. பெரிய ஏஞ்சல் ஆறு வயசு, மேல வந்து வாயை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு, செவுள் வேக வேகமா அடிச்சுக்கிட்டு, அம்மாவோட மக்கை விட்டு அது நகரவே இல்ல. கௌராமி மட்டும் கவலையே இல்லாம சுத்திச்சு, அது நேரா காத்தையே குடிக்கிற ஜாதி, ஃபைட்டரும் அப்படித்தான். ஒரு வழியா பம்ப் கடகடன்னு ஓட ஆரம்பிச்சுது, அந்த சத்தத்துலயே அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் தூங்கினோம்.

7ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு கரண்ட் வந்துச்சு. ஒரு டெட்ரா மட்டும் போச்சு, மத்த எல்லாம் பிழைச்சுது. கேனிஸ்டரை நல்லா கழுவி, ரிங்கை டேங்க் தண்ணியிலயே அலசி திரும்ப போட்டுத்தான் ஆன் பண்ணேன், ஒரு வாரம் தீனி பாதிதான்.

ஆக்ஸிஜன் மாத்திரையும் ஒரு தடவை போட்டு பாத்திருக்கேன், கொஞ்ச நேரம் நுரை வந்து அடங்கிடும், தண்ணியோட பிஹெச்சையும், அதாவது காரத்தன்மையையும் ஏத்தும், பிஹெச் ஏறினா இருக்குற அம்மோனியாவோட விஷம் கூடும், அதனால நான் சொல்ல மாட்டேன். வெயில் கால கட்டுக்கு மூடியைத் திறந்து வச்சு குட்டி யூஎஸ்பி ஃபேனை தண்ணி மேல அடிக்கிற மாதிரி வச்சா ரெண்டு டிகிரி வரைக்கும் குறையுது, ஐஸ் கட்டியெல்லாம் போடாதீங்க.

இப்போ என்கிட்ட யூஎஸ்பி பம்ப் ரெண்டு, பவர் பேங்க் ரெண்டு, ஒண்ணு மீனுக்குன்னே தனியா, மார்க்கர்ல மீன் படம் போட்டு வச்சிருக்கு. சார்ஜ் பம்ப்புக்கு போன வருஷம் உள் பேட்டரியை மட்டும் ரிச்சி ஸ்ட்ரீட்ல மாத்திக்கிட்டேன், திரும்ப 15 மணி நேரம் ஓடுது. அந்த ஏஞ்சல் இன்னும் இருக்கு, அம்மா டேங்க் பக்கம் போனா மேல வந்துடும்.