சிங்கப்பூர்ப் பயணம்: நண்பன் வீடா, ஓட்டலா?

நானும் மனைவியும் சிங்கப்பூரில் இருக்கும் என் கல்லூரி நண்பனைப் பார்க்கப் போவதென்று முடிவானதும், எங்கே தங்குவது என்பதில் வீட்டில் பெரிய விவாதம். அவன் வீடு பொங்கோலில், வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடியில். அவனும் அவன் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள், ஒரு பையன் பள்ளிக்கூடம் போகிறான். "வேலைக்குப் போற வீட்ல போய் எத்தனை நாள் உட்கார்றது?" என்பது என் மனைவியின் தயக்கம். கடைசியில் முதல் சில இரவுகள் லிட்டில் இந்தியாவில் ஓட்டல், மீதி நாட்கள் அவன் வீடு என்று பிரித்துக்கொண்டோம். இரண்டையும் பார்த்தபிறகு என் ஓட்டு நண்பன் வீட்டுக்குத்தான்.

காசு விஷயத்தில் சொல்ல அதிகமில்லை. ஓட்டல் இணையதளத்தில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி என்று அர்த்தம். 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அறை 119.90 ஆகிவிடும். விலை குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டால் அது சன்னல் இல்லாத அறையாக இருக்கும். பதிவு செய்யும்முன் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நண்பன் வீட்டில் வாடகை இல்லை. ஆனால் வெளியே சாப்பிடும்போது நாம் முந்திக்கொண்டு பணம் கொடுக்க வேண்டும், மளிகைக் கடைக்குப் போனால் நம் கை முதலில் நீள வேண்டும். அப்படிச் செலவழித்தாலும் ஓட்டல் வாடகைக்குப் பக்கத்தில் வராது.

இருக்கும் இடத்தைப் பொறுத்தவரை ஓட்டலுக்கே வெற்றி. லிட்டில் இந்தியா எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இரண்டு ரயில் பாதைகள் சந்திக்கின்றன. மரினா பே பக்கம் போக வண்டி மாறாமல் பேஃபிரண்ட் நிலையத்தில் இறங்கலாம். தேக்கா சந்தை, வீரமாகாளியம்மன் கோயில், 1947இலிருந்து நடக்கும் கோமள விலாஸ் எல்லாம் நடக்கிற தூரம். பொங்கோல் இருப்பதோ சிங்கப்பூர்த் தீவின் வடகிழக்கு மூலையில். எங்கே போவதென்றாலும் முதலில் அரைமணி நேர ரயில் பயணம் உண்டு. சுற்றிப் பார்ப்பதுதான் நோக்கமென்றால் மேலே படிக்காமல் ஓட்டலைப் பதிவு செய்துவிடலாம்.

நாங்கள் போனது அவர்களைப் பார்க்க. அங்கேதான் கணக்கு மாறுகிறது. வேலைக்குப் போகும் சிங்கப்பூர்க் குடும்பத்தில் இரண்டு பேரும் வீடு திரும்பவே ஏழரை, எட்டு ஆகிவிடுகிறது. அப்புறம் சாப்பாடு, பையனின் வீட்டுப்பாடம், அவனைத் தூங்கவைப்பது. எல்லாம் முடிந்து நான்கு பேரும் நிம்மதியாக உட்காரும்போது மணி பத்து. ஓட்டலில் தங்கியிருந்த நாட்களில் அந்த நேரத்தில்தான் நாங்கள் கைப்பேசியில் மணி பார்க்க ஆரம்பித்தோம். கடைசி ரயில் நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்பே போய்விடும். அதை விட்டால் டாக்சி. இரவு 12 மணிக்கு மேல் மீட்டர் கட்டணத்தோடு பாதியளவு கூடுதலாக வாங்குவார்கள். ஆக, பழைய கல்லூரி விடுதிக் கதை ஒன்று பாதியில் நிற்க, நாங்கள் செருப்பை மாட்டிக்கொண்டிருப்போம்.

இதில் இன்னொன்றும் உண்டு. சிங்கப்பூர் நம் நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அங்கே பதினொன்று என்றால் நம் உடம்புக்கு எட்டரைதான். விருந்தாளிக்குத் தூக்கமே வராத நேரத்தில், மறுநாள் ஆபீஸ் இருக்கிறவர்களுக்குக் கண் சொக்கும். அவன் வீட்டிலேயே தங்கியபோது இது பிரச்சினையாகவே இல்லை. யாருக்குத் தூக்கம் வந்ததோ அவர்கள் எழுந்து போனார்கள். ஒருநாள் நண்பன் தூங்கப் போய்விட்டான். அவன் மனைவியும் என் மனைவியும் சமையலறையில் நின்றபடியே ஒன்றரை வரை பேசிக்கொண்டிருந்தார்கள். ஓட்டலிலிருந்து வந்து போயிருந்தால் அந்தப் பேச்சுக்கு வாய்ப்பே இல்லை.

வீட்டில் தங்குவதில் சங்கடம் இல்லாமல் இல்லை. வீவக கணக்கில் நான்கறை வீடு என்பது மூன்று படுக்கையறையும் ஒரு கூடமும்தான். எங்களுக்குக் கிடைத்தது பையனின் அறை; அவன் அப்பா அம்மாவோடு படுத்துக்கொண்டான். எங்கள் பெட்டிகள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பதுங்கறைக்குப் போயின. போர்க்காலத்துக்கென்று கனத்த இரும்புக் கதவோடு கட்டித் தந்திருக்கிறார்கள். உள்ளே அரிசி மூட்டை, பழைய மிதிவண்டி, ஒரு கிறிஸ்துமஸ் மரம்.

காலை ஆறிலிருந்து ஏழரை வரை அந்த வீட்டில் விருந்தாளிக்கு வேலையே இல்லை. குளியலறைக்கு வரிசை, பையனின் பள்ளிப் பேருந்து, இரண்டு பேரின் அவசரம். விழிப்பு வந்தாலும் கதவைத் திறக்காமல் படுத்திருப்பதே நாம் செய்யக்கூடிய உதவி. அதேபோல் சாவியை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள். "அண்ணா, சாவி எடுத்துக்கிட்டீங்களா?" என்று நண்பன் மனைவி தினமும் கேட்பார். கையில் சாவி இல்லையென்றால், அவர்கள் ஆபீஸ் முடிந்து வரும்வரை நாம் கீழே காப்பிக்கடையில் தே தாரே (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்) குடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வயதான பெற்றோரையோ கைக்குழந்தையையோ கூட்டிப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேனா என்றால், தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேர்தான் போனோம். பணிப்பெண் இருக்கும் வீடென்றால் நம் வருகை அவருக்குக் கூடுதல் வேலை என்பதையும் யோசிக்க வேண்டும். நண்பர் வாடகை வீட்டில் இருந்தால், விருந்தாளி தங்குவது பற்றி ஒப்பந்தத்தில் ஏதாவது இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். சில நாட்களுக்கு மட்டும் தனியாக ஒரு வீடு எடுக்கலாமே என்ற யோசனை அங்கே செல்லாது. தனியார் வீடுகளைக் குறைந்தது 3 மாதத்துக்கும், வீவக வீடுகளைக் குறைந்தது 6 மாதத்துக்கும்தான் வாடகைக்கு விடலாம்.

எங்களைப்போல் பிரித்துத் தங்குவதாக இருந்தால் ஓட்டல் நாட்களைத் திங்கள் முதல் வியாழன் வரை வைத்துக்கொண்டு, வெள்ளி மாலை பெட்டியோடு நண்பர் வீட்டுக்குப் போய்விடுங்கள். மறுநாள் காலை யாருக்கும் அலாரம் அடிக்காது.