சபையின் கட்டட அனுமதிச் சேவை: விண்ணப்பதாரராகவும் அயலவராகவும் ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டவோ, மதில் எழுப்பவோ, காணியைப் பிரிக்கவோ நினைப்பவர் எவரும் ஏறி இறங்கவேண்டிய இடம் உள்ளூராட்சிச் சபையின் கட்டட அனுமதிப் பிரிவு. அந்தச் சேவையை நான் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன். முதலில் பெற்றோரின் வீட்டுக்கு மேல்மாடி கட்ட அனுமதி கேட்டேன். பின்னர் எங்கள் ஒழுங்கையில் நான்கு மாடித் தொடர்மாடி ஒன்றுக்கு அனுமதி கொடுக்கப்பட்டபோது அதன் அயலவராக அதே அலுவலகத்துக்குப் போனேன். முதலாவது அனுபவம் மனநிறைவைத் தந்தது. இரண்டாவது இன்னும் ஆறாத வருத்தமாக இருக்கிறது. நடைமுறை எல்லாச் சபைகளுக்கும் ஒரே சட்டங்களிலிருந்தே வருகிறது என்பதாலும், அங்கே வேலை செய்பவர்களைக் குறைசொல்வது என் நோக்கமன்று என்பதாலும், சபையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

விண்ணப்பதாரருக்குக் கிடைக்கும் சேவை நல்லது. காணி உறுதி, நில அளவைப் படம், ஆதன வரி செலுத்திய பற்றுச்சீட்டு, தகுதியுள்ள வரைஞர் ஒப்பமிட்ட கட்டடப் படத்தின் பிரதிகள் ஆகியவற்றை முகப்பு மேசையிலேயே சரிபார்த்து, குறைகள் இருந்தால் அப்போதே சொல்லிவிடுகிறார்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் சொன்ன நாளில் வந்தார். ஒழுங்கையின் நடுவிலிருந்து கட்டடக் கோடு, அதாவது தாண்டிக் கட்டக்கூடாத எல்லை, எவ்வளவு தூரத்தில் விழுகிறது என்பதை நாடா பிடித்து அளந்து காட்டி, படிக்கட்டை உள்ளே தள்ளி வரையச் சொன்னார். எங்கள் கையில் ஒரு சதம் எதிர்பார்க்காமல் அவர் காட்டிய பொறுமையை நன்றியுடன் பதிவு செய்கிறேன்.

ஆனால் அதே அலுவலகத்தில் அயலவர் ஒருவர் போய் நிற்பதற்கு மேசை எதுவும் இல்லை. ஒழுங்கையில் என்ன வரப்போகிறது என்பதை முன்கூட்டி அறிவிக்கும் வழக்கமும் இல்லை. பக்கத்துக் காணியில் இயந்திரம் வந்து அத்திவாரக் குழி தோண்டிய அன்றுதான் நாங்கள் தொடர்மாடியைப் பற்றி அறிந்தோம். அதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே திட்டமிடற் குழு கூடி, முடிவெடுத்து, கடிதமும் அனுப்பிவிட்டிருந்தது.

இந்த அனுமதிகளின் சட்ட அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும், ஏனைய இடங்களில் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும் செல்லும். காணியின் அளவு, பாதையின் அகலம், கட்டடத்தின் உயரம், சுற்றிலும் விடவேண்டிய வெளி ஆகியவற்றுக்கு ஒழுங்குவிதிகளில் அளவுகள் உண்டு. சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்று ஒன்று இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். வீடமைப்பைப் பொறுத்தவரை அது ஆயிரம் அலகுகளுக்கு மேற்பட்ட திட்டங்களுக்கே கட்டாயம். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளுக்குள் எழும் பத்துப் பன்னிரண்டு வீடுகள் கொண்ட தொடர்மாடிகளை அந்த வலை ஒருபோதும் பிடிக்காது. ஆகவே, அயலின் நலனைப் பார்க்கவேண்டிய பொறுப்பு முழுவதும் உள்ளூர்த் திட்டமிடற் குழுவின் தலையிலேயே விழுகிறது.

தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தத் தொடர்மாடியின் அனுமதிக் கோவையைக் கேட்டேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டமான அது, கோரிக்கை மீது 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் எடுக்கவேண்டும் என்கிறது. சபை அந்தக் காலத்துக்குள்ளேயே பிரதிகளைத் தந்தது, அதைப் பாராட்டவேண்டும். கோவையைப் புரட்டியபோதுதான் குறை எங்கே இருக்கிறது என்று தெளிவாயிற்று. தள அமைவுப் படத்தில் கட்டடம் எழும் காணி நுணுக்கமாக வரையப்பட்டிருந்தது. சுற்றியுள்ள காணிகள் ‘தனியார் காணி’ என்ற இரண்டு சொற்களுடன் வெறுமையாக விடப்பட்டிருந்தன. எங்கள் கிணறும், மேற்குப் புறத்து வீட்டுக் கிணறும், பின்காணியில் இரண்டு குடும்பங்கள் பங்கில் அள்ளும் கிணறும் அந்தப் படத்தில் இல்லை. தளப் பரிசோதனை அறிக்கையில் அயல் கிணறுகளுக்கான தூரம் என்ற இடத்தில் ஒரு சிறு கோடு மட்டுமே போடப்பட்டிருந்தது. குழுவின் முடிவோ ஒரே வரி: நிபந்தனைகளுடன் அனுமதிக்கப்படுகிறது.

வேறு மாவட்டத்தில் இது சிறு கவனக்குறைவாகக் கருதப்படக்கூடும். இங்கே அப்படிக் கருத முடியாது. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். அதன் வெடிப்புகளாலும் பொந்துகளாலும் ஓரிடத்தில் இறங்கும் கழிவு விரைவாக இன்னொரு கிணற்றை எட்டிவிடும். நகருக்கு மையக் கழிவுநீர்த் தொகுதி கிடையாது, ஒவ்வொரு வீட்டின் கழிவும் அந்தந்த வளவின் குழிக்குள்தான் போகிறது. உரத்தாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று கூடிய கிணறுகள் குடாநாட்டில் ஏராளம் என்பதை ஆய்வுகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டுக் குழாய்நீர் வரத் தொடங்கியது பெரிய ஆறுதல்தான். ஆயினும் குளிக்கவும் துவைக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும், பல வீடுகளில் குடிக்கவும்கூட, இன்றும் கிணறுதான். ஒரு குடும்பம் வாழ்ந்த இரண்டு பரப்பு (20 பேர்ச்) வளவில் பன்னிரண்டு குடும்பங்களின் கழிவு இறங்கப்போகிறது என்றால், அயல் கிணறுகளைப் படத்தில் குறிக்கச் சொல்வது திட்டமிடலின் முதற்படியாக இருக்கவேண்டும்.

வெள்ளமும் அப்படியே. 2008இல் நிஷா புயலின்போதும் 2024 நவம்பர் மழையின்போதும் எங்கள் பக்கத்தில் தண்ணீர் எந்த வழியால் ஓடியது என்று ஒழுங்கையில் உள்ள எந்தப் பெரியவரிடம் கேட்டாலும் கை நீட்டிக் காட்டுவார். அந்த வழி இப்போது வாகனத் தரிப்பிடத்துக்காக உயர்த்தப்பட்டுக் கொங்கிறீற்று போடப்பட்டிருக்கிறது.

தொடர்மாடிகளே வேண்டாம் என்பவன் அல்லன் நான். சீதனமாகவும் முதுசமாகவும் பிரிந்து பிரிந்து காணிகள் சுருங்கிவிட்டன; ஒழுங்குவிதி அனுமதிக்கும் மிகக் குறைந்த துண்டு 150 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 6 பேர்ச்; எங்கள் கணக்கில் முக்கால் பரப்புக்கும் குறைவு. வைத்தியசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் வேலை செய்யும் இளம் குடும்பங்களுக்கு அந்தத் துண்டை வாங்கவும் இயலாத விலை. மேல்நோக்கிக் கட்டத்தான் வேண்டும். எங்கே, எந்த அகலமுள்ள பாதையில், எத்தனை வீடுகள், கழிவு எங்கே போகிறது என்பவற்றை அயலாரின் காதுக்கும் எட்டும்படி ஆராய்ந்து முடிவெடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. இந்த அனுமதி வழங்கப்பட்ட காலத்தில் சபையில் மக்கள் பிரதிநிதிகள் இருக்கவில்லை. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த உள்ளூராட்சிச் சபைகளுக்கு 2025 மே 6ஆம் திகதிதான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வட்டாரத்து உறுப்பினரின் வீட்டுப் படலையைத் தட்டி முறையிடும் வழிகூட இல்லாமற் போயிற்று. அலுவலர்கள் தங்களுக்கு முன் வைக்கப்பட்ட தாள்களைப் பார்த்தார்கள். அந்தத் தாள்களில் இல்லாததைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. புதிய உறுப்பினர்கள் வந்த பின்னர் எங்கள் மனுவைப் பெற்றுக்கொண்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் அனுப்பினார்கள். அவர் மூன்று கிணறுகளுக்கும் நாடா பிடித்து, மலக்குழியை மாற்றியமைக்கும்படி எழுத்தில் பரிந்துரைத்தார். அந்த அளவு தொடக்கத்திலேயே எடுக்கப்பட்டிருந்தால் கட்டுபவருக்கும் செலவு மிச்சமாகியிருக்கும்.

சபை செய்யக்கூடியது பெரிய காரியமில்லை. இரண்டு மாடிக்கு மேற்பட்ட விண்ணப்பம் வந்தவுடன் அந்தக் காணியின் படலையில் ஓர் அறிவித்தலைத் தொங்கவிடலாம். எல்லைக் காணிக்காரருக்குக் கடிதம் அனுப்பலாம். அயல் கிணறுகள் குறிக்கப்படாத படத்தை முகப்பு மேசையிலேயே திருப்பி அனுப்பலாம். உறுதியின் பிரதி குறைந்தால் திருப்பி அனுப்புகிறவர்களுக்கு இது கடினமாக இராது.

அதுவரை, இந்தச் சேவையை நாடும் விண்ணப்பதாரர்கள் தயக்கமின்றி நேரடியாகப் போகலாம்; தரகர் தேவையில்லை. அயலவர்கள் அத்திவாரம் தோண்டும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்துக் காணியில் நில அளவையாளர் வந்து கல் போட்டால், அடுத்த வாரமே செயலாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள்; உங்கள் கிணற்றையும் அதன் தூரத்தையும் ஒரு படத்தில் குறித்து இணையுங்கள்; பிரதியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் கொடுத்து, திகதி முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள்.

எங்கள் ஒழுங்கையின் தொடர்மாடிக்குக் குடிபுகு சான்றிதழ் இன்னும் வழங்கப்படவில்லை. அதற்கான பரிசோதனை நடக்கும் நாளில் எல்லைக் காணிக்காரரையும் அழைக்குமாறு எழுத்தில் கேட்டிருக்கிறோம். சபை இணங்கினால் அதையும் இந்த மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்வேன்.