திரையா, புளியங்கொட்டையா: ஒன்றாம் வகுப்புக்கு எது?

பென்னாகரம் பக்கம் நான் வேலை பார்க்கும் தொடக்கப்பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் நன்கொடை தர வந்தபோது, அவர்கள் மனதில் இருந்தது பெரிய ஸ்மார்ட் டிவி. நான் கேட்டது வேறு: சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகைப் பூச்சு, உட்காரப் பாய், கட்டுக்கயிறு வைத்த சிறு துணிப்பைகள். எண்ணிப் பழகப் புளியங்கொட்டை போதும், அதற்குக் காசே வேண்டாம். தர்மபுரி மாவட்டத்தில் புளி தட்டும் வீட்டில் கேட்டால் முறத்தில் அள்ளித் தருவார்கள். கேட்டதே கிடைத்தது என்பதால், இந்த அலசல் நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

திரையின் பெருமையை நீட்டி முழக்கத் தேவையில்லை. ஒகேனக்கல் அருவியில் குளித்த எங்கள் பிள்ளைகளில் பலர் கடலைப் பார்த்ததில்லை. அலை புரண்டு வருவதை எந்தக் கரும்பலகையிலும் வரைந்துவிட முடியாது. பாடநூலில் இருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் காணொளியும் கிடைத்துவிடுகிறது.

ஆனால் எண் கற்கும் வயதில் கை வேலை செய்ய வேண்டும். தாயம் ஆடத் தேய்ப்பதுபோல, கொட்டையின் ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்த்துக்கொள்கிறோம். பத்துக் கொட்டைகளைக் குலுக்கிப் போட்டால் ஆறு வெள்ளை, நான்கு கறுப்பு. மறுபடி போட்டால் மூன்றும் ஏழும். பத்து மட்டும் மாறுவதில்லை என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கிறது. கறுப்பை உள்ளங்கையில் மூடிக்கொண்டு “எத்தனை?” என்று பக்கத்தில் இருப்பவளைக் கேட்கத் தொடங்கிவிட்டால், கழித்தல் வந்துவிட்டது. பத்தைப் பையில் போட்டுக் கட்டினால் இடமதிப்பு: 34 என்றால் மூன்று பை, நான்கு உதிரி. அதில் எட்டை எடுக்க ஒரு பையை அவிழ்த்தே ஆகவேண்டும். ‘கடன் வாங்குதல்’ என்று நாம் மனப்பாடம் செய்த மந்திரத்துக்கு அப்போதுதான் பொருள் தெரிகிறது.

தொடக்க வகுப்புப் பிள்ளைகள் எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரே அறையில் அரும்பு எண்ணும், மொட்டு பை கட்டும், மலர் பை அவிழ்க்கும். திரையோ எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஓடுகிறது. நிறுத்தி நிறுத்திக் காட்டலாம்தான். ஆனால் ரிமோட் ஆசிரியர் கையில்தானே இருக்கிறது?

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவருக்கு ஐந்து வகுப்பு. அன்று மின்சாரம் நின்றாலோ, இணையம் வராவிட்டாலோ, கடவுச்சொல் தெரிந்தவர் மாறுதலில் போயிருந்தாலோ, திட்டமிட்ட பாடம் அங்கேயே நின்றுவிடும். திரையில் கோளாறு என்றால் நகரத்திலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அது தூசு படியாமல் துணி போர்த்திய சாமி.

கொட்டைக்கும் பராமரிப்பு உண்டு, இல்லாமல் இல்லை. வண்டு துளைத்துவிடும். அவ்வப்போது வெயிலில் காயவைத்துப் புடைக்க வேண்டும். துளை விழுந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, புளி உலுக்கும் பருவத்தில் புதிது சேர்க்கலாம். பெரிய கவலை வேறு: சின்னப் பிள்ளைகள் மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்ளக்கூடும். அதனால் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறோம். அந்த எண்ணிக்கையைப் பிள்ளைகளே பார்ப்பதால் அதுவும் கணக்குப் பாடத்தில் சேர்ந்துவிடுகிறது. விலையில்லாப் பொருள் என்றாலும் ஆசிரியரின் நேரத்தை நிறையத் தின்னும். அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இது ஓடுமா என்பதற்கு என் அனுபவம் போதாது.

மூன்றாவதாகக் கைப்பாவை. பழைய காலுறையில் பொத்தான் தைத்தால் பாவை தயார். பேசக் கூச்சப்படும் பிள்ளையும் பாவையின் வாயால் பேசிவிடும். ஓசூர், தளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இது இன்னும் உதவும் என்று நினைக்கிறேன். அங்கே நான் பாடம் நடத்தியதில்லை, ஆகவே அடித்துச் சொல்லமாட்டேன்.

நான்கு, ஐந்தாம் வகுப்பு அறிவியலுக்குக் கதை மாறும். இதயம் துடிப்பதையும் எரிமலை வெடிப்பதையும் கொட்டையை வைத்து என்ன செய்ய? அடுத்த நன்கொடை வந்தால் அந்த வகுப்புகளுக்குத் திரையே கேட்பேன். கூடவே ஒரு ஸ்டெபிலைசரும், பழுது பார்க்க யார் வருவார்கள் என்பது எழுத்திலும் வேண்டும்.