ஜப்பானியம் படிக்க ஆப்பா, ஆன்கியா, வகுப்பா?

சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே ஜப்பானியம் படிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். டுயோலிங்கோ மாதிரி ஒரு ஆப், சொல்லையும் பொருளையும் அட்டைகளாக்கி இடைவெளி விட்டுத் திருப்பிக் காட்டும் ஆன்கி என்ற மென்பொருளில் தனியாகப் படிப்பது, அல்லது வார இறுதி வகுப்பில் சேர்ந்து ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு எழுதுவது. மூன்றையும் பார்த்துவிட்டு வகுப்பிலேயே நிலைத்தவன் நான். அந்தத் தேர்வில் என்5 தொடக்க நிலை, என்1 உச்சம்; என்4 வரை தேறியிருக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவுக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆப்பைக் காசில்லாமலே ஓட்டலாம். ஆன்கி கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனுக்கு மட்டும் விலை உண்டு. வகுப்புக்குக் கட்டணமும் கட்டவேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலையையும் கொடுக்கவேண்டும்.

இதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கேட்கவேண்டிய கேள்வி வேறு: இரண்டு வாரம் படிப்பு விட்டுப்போனால், திரும்பி வர எந்த வழி விடும்? விட்டுப்போகாமல் இருக்காது. ஆபீஸில் காலாண்டு முடிவு வரும், ஊரில் கல்யாணம் வரும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். மொழி படிப்பதை நிறுத்தியவர்களில் நான் அறிந்த பலரும் பாடம் கடினம் என்று நிறுத்தவில்லை. ஓர் இடைவெளிக்குப் பிறகு உள்ளே வர முடியாமல் நின்றுபோனார்கள்.

ஆப் இந்த இடைவெளியே விழாமல் பார்த்துக்கொள்ளும். தொடர்நாள் எண்ணிக்கை அறுந்துவிடக்கூடாது என்று இரவு பதினொன்றே முக்காலுக்கு ஒரு குட்டிப் பாடத்தை முடிக்க வைக்கும். பழக்கம் நிலைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தெரிந்த பாடத்தையே திருப்பிச் செய்தாலும் எண்ணிக்கை ஏறும். எண் வளர்ந்துகொண்டே போக, மொழி அதே இடத்தில் நிற்கலாம். ஜப்பானியத்தின் ஒலியெழுத்து வரிசைகளான ஹிரகானாவின் 46 அடிப்படை எழுத்துகளையும் கத்தகானாவையும் பழக ஆப் அருமையான கருவி. அதைத் தாண்டி நான் அதை நம்பவில்லை.

ஆன்கியின் அடிப்படை உறுதியானது. மறக்கப்போகும் தறுவாயில் ஒன்றை மறுபடி பார்த்தால் அது மனதில் தங்கும். மறதியை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இலேயே அளந்து எழுதினார். சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் இடைவெளி விட்டால் ஆன்கி இரக்கம் காட்டாது. அமைப்பை மாற்றாவிட்டால் தினம் 20 புது அட்டை தரும், ஒவ்வொன்றும் பின்னால் பல மீள்பார்வைகளை இழுத்து வரும். பத்து நாள் தொடாமல் இருந்தால் பாக்கி கந்துவட்டி மாதிரி ஏறி நிற்கும். திறந்ததும் கண்ணில் படும் அந்த நூற்றுக்கணக்கான எண்ணைப் பார்த்தே பலர் மூடிவிடுகிறார்கள்.

வகுப்பில் நடப்பதே வேறு. விட்டுப்போன பாடத்தின் குறிப்பு வாட்ஸப் குழுவில் இருக்கும். அடுத்த ஞாயிறு போய் உட்கார்ந்ததும் சென்செய் (ஆசிரியர்) ஒவ்வொருவரிடமும் "போன வாரம் என்ன செய்தீர்கள்?" என்று ஜப்பானியத்தில் கேட்பார். அண்ணன் கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போனேன், ரயிலில் போனேன், நிறையச் சாப்பிட்டேன் என்று இறந்தகாலத்தில் தட்டுத்தடுமாறிச் சொல்லவேண்டும். வராமல் போன காரணமே அன்றைய பயிற்சியாகிவிடுகிறது. வெறுங்கையோடு போனாலும் உள்ளே சேர்த்துக்கொள்ளும் வழி இது ஒன்றுதான்.

தமிழ் தெரிந்த சென்செய் கிடைத்தால் இன்னொரு லாபமும் உண்டு. ஆங்கில வழியில் படிப்பவர்களைப் பல வாரம் படுத்தும், வினைச்சொல்லின் 'தெ' வடிவம் நமக்கு வினையெச்சம். 'தபெதெ மிதா' என்றால் சாப்பிட்டுப் பார்த்தேன். 'தபெதெ ஷிமத்தா' என்றால் சாப்பிட்டுவிட்டேன். பார், விடு என்று நாம் சேர்க்கும் அதே இடத்தில் அவர்களும் ஒரு துணைவினையைச் சேர்க்கிறார்கள். இதைக் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அடுத்தது தேர்வு தேதி. ஜே.எல்.பி.டி. ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும், சென்னையிலும் எழுதலாம். நமக்காக அந்தத் தேதி நகராது. என்5இல் மொத்தம் 180க்கு 80 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் கேட்டல் பகுதியில் 60க்கு 19 வராவிட்டால் மொத்த மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் தேறமுடியாது. அந்த 19க்குப் பயந்தாவது பஸ்ஸில் ஹெட்போன் மாட்டுவோம்.

குறையும் பெரியதுதான். அந்தத் தேர்வில் பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது, முழுக்க விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். தேர்வை மட்டும் குறிவைக்கும் வகுப்பில் சேர்ந்தால் சான்றிதழ் கையில் இருக்கும், வாய் திறக்காது. சேருமுன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து, மாணவர்கள் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று பாருங்கள். என்3க்கு மேல் வகுப்பு எவ்வளவு உதவும் என்பது என் அனுபவத்தில் இல்லை. ஆன்லைனில் தனி ஆசிரியரிடம் கொஞ்ச காலமே படித்தேன். பேச்சுக்கு நல்லது என்று பட்டது, அவ்வளவுதான்.

ஆன்கியை நான் விட்டுவிடவில்லை. அந்த வாரப் பாடத்தின் சொற்களுக்கு மட்டும் நானே அட்டை எழுதுகிறேன், புது அட்டையை நாளுக்கு ஐந்தோடு நிறுத்திக்கொள்கிறேன். டிசம்பர் தேர்வைக் குறிவைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: விண்ணப்பம் தேர்வுக்குச் சில மாதம் முன்பே முடிந்துவிடும். வகுப்பில் சேரும் அன்றே அந்தத் தேதியைக் கேட்டுவிடுங்கள்.