ஐந்து நாள் எஃப்.டி.பி.யும் பன்னிரண்டு வாரப் படிப்பும் ஒரே எடையா?

கல்லூரியில் சேர்ந்து மூன்று நான்கு வருடம் ஆன உதவிப் பேராசிரியர்கள் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சார், சி.ஏ.எஸ்.ஸுக்கு எந்த கோர்ஸ் போடலாம்?" சி.ஏ.எஸ். என்றால் பணி ஆண்டுகளையும் பயிற்சிகளையும் கணக்கிட்டுத் தரும் பதவி உயர்வுத் திட்டம். எதைக் கற்றுக்கொள்ளலாம் என்று கேட்பவர்கள் குறைவு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். விதிமுறை அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைப்படி, ஊதிய நிலை 10-இல் இருக்கும் கல்லூரி ஆசிரியர் 11-க்குப் போக முனைவர் பட்டம் இருந்தால் 4 ஆண்டு பணி வேண்டும். எம்.ஃபில். என்றால் 5, இரண்டும் இல்லையென்றால் 6. கூடவே கற்பித்தல் முறை குறித்த 21 நாள் ஓரியன்டேஷன். அதற்கு மேல் ஒரு பட்டியல் தருகிறார்கள்: பாட அறிவைப் புதுப்பிக்கும் ரெஃப்ரெஷர், ஆய்வு முறையியல் பயிற்சி, குறைந்தது 5 நாள் எஃப்.டி.பி. (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி), சான்றிதழோடு முடித்த ஓர் இணையவழிப் படிப்பு. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். இந்த 'ஏதாவது ஒன்று'தான் என் பிரச்சினை. நான் எல்லாவற்றிலும் இருந்து பார்த்திருக்கிறேன். அவை ஒன்றுக்கொன்று ஈடு இல்லை.

முதலில் ஓரியன்டேஷன். 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு பல்கலைக்கழகங்களில் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்கள் வந்தன. பிறகு அவை மனிதவள மேம்பாட்டு மையங்களாகி, 2023-இலிருந்து மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் என்ற பெயரில் நடக்கின்றன. சென்னை, பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் இருப்பவை நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமானவை. நான் போன காலத்தில் அது நான்கு வாரம். விடுதியில் தங்க வேண்டும். உரைகளில் பாதி இப்போது நினைவில் இல்லை. ஆனால் ஒரு மதியம் ஒவ்வொருவரும் பத்து நிமிடம் பாடம் நடத்த வேண்டியிருந்தது. நான் முடித்ததும் விலங்கியல் ஆசிரியை ஒருவர் சொன்னார்: "சார், பத்து நிமிஷமும் நீங்க போர்டைப் பாத்துதான் பேசுனீங்க." அதுவரை எட்டு வருடம் பாடம் நடத்தியிருந்தேன். அதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. வேறு துறை, வேறு ஊர், பதவியில் எனக்கு மேலும் இல்லை கீழும் இல்லை என்பதால்தான் அவரால் சொல்ல முடிந்தது. இரவு மெஸ்ஸில் நடந்த பேச்சும் அதே மாதிரிதான். நேரில் நடக்கும் பயிற்சிக்கு நான் முதலிடம் கொடுப்பது இதற்காகத்தான்.

இதற்கு எதிர் முனையில் இருப்பது ஒரு வார இணையவழி எஃப்.டி.பி. கோவிட் காலத்தில் பெருகியது, இன்னும் குறையவில்லை. நான் கலந்துகொண்ட ஒன்றில் தினமும் மாலை இரண்டு மணி நேரம் உரை, கடைசியில் ஒரு கூகுள் ஃபார்ம், அதை நிரப்பினால் மின்னஞ்சலில் சான்றிதழ். ஐந்து நாளில் எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை, திறக்கச் சொல்லவும் இல்லை. நன்றாக நடத்துபவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. கைக்குழந்தை இருக்கும் ஆசிரியையால் மூன்று வாரம் வெளியூரில் தங்க முடியாது என்பதும் நிஜம். அவருக்கு இணையம்தான் வழி. ஆனால் அந்த வழியில் அவருக்குக் கிடைப்பது வெறும் காகிதமாக இருக்கக் கூடாது என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

அப்புறம் என்.பி.டி.இ.எல். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய இணையவழிப் பாடத் திட்டம், இப்போது மத்திய அரசின் ஸ்வயம் இணையவழிப் படிப்புத் தளத்தின் பகுதி. வாரா வாரம் அசைன்மென்ட், முடிவில் தேர்வு மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு. அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. சான்றிதழ் வேண்டுமென்றால் முதலாவதில் 10, இரண்டாவதில் 30 தனித்தனியாக எடுத்தாக வேண்டும். என் மாணவர்கள் இருவர் எழுதிய அதே கூடத்தில் நானும் உட்கார்ந்து எழுதினேன். பயமாக இருந்தது. தேர்வுக்கு முந்தைய இரவு தூங்காமல் இருப்பது எப்படி இருக்கும் என்று மறந்தே போயிருந்தேன். அந்த வருடம் நான் வினாத்தாள் அமைத்த விதமே மாறிவிட்டது. பாட அறிவைப் புதுப்பிக்க இதைவிடச் சிறந்தது நான் பார்த்தவரை இல்லை. ஆனால் வகுப்பில் நாம் எப்படி இருக்கிறோம் என்று அது நம்மைப் பார்த்துச் சொல்லாது.

பன்னிரண்டு வாரம் உழைத்து எழுதிய இந்தத் தேர்வும் அந்த ஐந்து நாள் கூகுள் ஃபார்மும் பதவி உயர்வுக் கோப்பில் ஒரே கட்டத்தை நிரப்புகின்றன. வேலைப்பளுவில் இருப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

பிரிட்டனில் வேறு வழியில் போகிறார்கள். அங்கே அட்வான்ஸ் ஹெச்.இ. என்ற அமைப்பு (2018-க்கு முன் இந்தப் பணியைச் செய்தது ஹையர் எஜுகேஷன் அகாடமி) அசோசியேட் ஃபெலோ, ஃபெலோ, சீனியர் ஃபெலோ, பிரின்சிபல் ஃபெலோ என நான்கு படிகளில் ஆசிரியர்களை அங்கீகரிக்கிறது. எத்தனை நாள் பயிற்சியில் உட்கார்ந்தீர்கள் என்பது அங்கே அளவுகோல் இல்லை. நீங்கள் எப்படிப் பாடம் நடத்துகிறீர்கள், ஏன் அப்படி, எதை மாற்றினீர்கள், மாணவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் வேலையை அறிந்தவர்கள் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். இதிலும் ஓட்டை உண்டு. நன்றாக எழுதத் தெரிந்தவர் நன்றாக நடத்துபவர் என்று ஆகிவிடாது. பல பல்கலைக்கழகங்கள் புதிய ஆசிரியர்களுக்கு இதை நிபந்தனையாகவே வைத்துவிட்டதால், கடமைக்கு எழுதுபவர்களும் இருப்பார்கள். இருந்தாலும் கேட்கப்படும் கேள்வி சரியான கேள்வி. நம் கோப்பில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. 2025 ஜனவரியில் யு.ஜி.சி. வெளியிட்ட புதிய விதிமுறை வரைவில் ஒன்பது வகைப் பங்களிப்புகளில் ஒன்றாகப் 'புதுமையான கற்பித்தல்' இருந்தது. அதே வரைவில் இருந்த துணைவேந்தர் நியமன விதி பற்றிய சண்டையில் அந்த வரியை நம் ஊரில் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

கௌரவ விரிவுரையாளர்களையும் சொல்லியாக வேண்டும். அரசுக் கல்லூரிகளில் வகுப்புகளின் பெரும் சுமை அவர்கள் தோளில். அவர்களுக்கு சி.ஏ.எஸ். கிடையாது. ஆகவே மேலே சொன்ன எந்தப் பயிற்சியை முடித்தாலும் ஊதியத்தில் ஒரு ரூபாய்கூட ஏறாது. அப்படியும் சொந்தக் காசில் என்.பி.டி.இ.எல். தேர்வுக் கட்டணம் கட்டி எழுதுபவர்களை எனக்குத் தெரியும். அங்கீகாரம் முதலில் போய்ச் சேர வேண்டியது அவர்களுக்குத்தான்.

சரி, என்னிடம் கேட்கும் இளையவருக்கு என்ன சொல்கிறேன்? ஓரியன்டேஷனை நேரில் நடத்தும் மையம் கிடைத்தால், ஒரு பருவம் காத்திருந்தாவது அங்கே போங்கள். அந்த 'ஏதாவது ஒன்று' கட்டத்துக்கு உங்கள் பாடத்தில் ஒரு பன்னிரண்டு வாரப் படிப்பை எடுங்கள். பிரிட்டன்காரர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதிலை, யாரும் கேட்காவிட்டாலும், ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

எங்கள் துறையில் இந்தப் பருவம் நாங்கள் இருவர் மாதம் ஒருமுறை ஒருவர் வகுப்பில் மற்றவர் கடைசி பெஞ்சில் உட்காருகிறோம். முதல் வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் அவர் சொன்னது: "சார், இப்பவும் போர்டுகிட்டதான் அதிகம் பேசறீங்க."