டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர், லெஸ் பால்: கைக்கு எது பொருந்தும்?

மின்கிட்டார் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது நிறத்தையும் மரத்தையும்தான். ஆனால் அரை மணி நேரம் மடியில் வைத்து வாசித்துப் பார்த்தவருக்கு அவை பின்னுக்குப் போய், தந்தி விரலுக்கு எவ்வளவு வளைந்து கொடுக்கிறது, மீட்டும் கையின் அழுத்தத்துக்கு ஒலி எப்படி மாறுகிறது என்ற இரண்டு கேள்விகளே மிஞ்சும். 1950களில் அமெரிக்காவில் பிறந்து இன்றும் விற்பனையில் இருக்கும் இந்த மூன்று மாதிரிகளையும் அந்தக் கேள்விகளை வைத்தே பார்க்கிறேன்.

டெலிகாஸ்டரை உருவாக்கிய லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை நடத்தியவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. எனவேதான் அது இசைக்கருவி செய்பவரின் கைவேலைபோல் அல்லாமல், பழுதானால் எளிதில் கழற்றி மாட்டக்கூடிய பொருளாக அமைந்தது: கழுத்துப் பகுதி உடலோடு ஒட்டப்படாமல் நான்கு திருகாணிகளால் முடுக்கப்பட்டிருக்கும். 1950இல் பிராட்காஸ்டர் என்று பெயரிட்டார்கள். கிரெட்ச் நிறுவனம் கிட்டத்தட்ட அதே பெயரில் டிரம்களை விற்று வந்ததால், 1951இல் டெலிகாஸ்டர் என்று மாற்ற வேண்டியதாயிற்று. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் பகுதியின் எஃகுத் தகட்டிலேயே ஒரு பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் காந்தச் சுருள்) பொருத்தப்பட்டிருப்பதால், அதன் ஒலி பளிச்சென்று, சற்றே குத்துவதுபோல் வரும். கன்ட்ரி இசைக்கலைஞர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இந்தக் கூர்மையே காரணம். அதே கூர்மை, தடுமாறிய விரலையும் ஈவிரக்கமின்றிக் காட்டிக்கொடுத்துவிடும். பழைய வடிவமைப்பின் பிரிட்ஜில், தந்தி அமர்ந்து அதன் நீளத்தைச் சரிசெய்யும் தாங்கிகள் ஆறு தந்திகளுக்கு மூன்றே உண்டு. இரண்டு தந்திகள் ஒரு தாங்கியைப் பகிர்ந்துகொள்வதால், கழுத்தின் மேல் ஃப்ரெட்டுகளில் (விரல் அழுத்தும் இடத்திலுள்ள உலோகப் பட்டைகளில்) சுருதி முழுமையாகச் சேராது. பழமையை விரும்புவோர் இதையும் அழகு என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் அந்தக் குறையை ஆறு தனித் தாங்கிகளால் தீர்த்தது. விலா எலும்பில் இடிக்காதபடி உடலின் விளிம்புகளும் செதுக்கப்பட்டன. மூன்று பிக்கப்புகள் இருந்தும், ஒரு நேரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் மூன்று நிலை சுவிட்சைத்தான் ஃபெண்டர் வைத்தார். வாசிப்பவர்களோ சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே நிறுத்தி, இரண்டு பிக்கப்புகளும் சேர்ந்து எழுப்பும் மெல்லிய, உள்குழிந்த ஒலியைக் கண்டுபிடித்தார்கள். நிறுவனம் அதை ஏற்று ஐந்து நிலை சுவிட்சைத் தர 1977 ஆயிற்று. வால்யூம் குமிழ் சுண்டுவிரலுக்கு எட்டும் தொலைவில் இருப்பதால், வாசிப்பின் நடுவிலேயே ஒலியை ஏற்றி இறக்கலாம். வேகமாக மீட்டுபவர் கை அதில் இடித்துக்கொண்டே இருக்கும் என்பதும் உண்மை. சுருதியை நெளிக்கும் கைப்பிடியை ஸ்பிரிங்குகள் தாங்குவதால், மேடையில் ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி ஏறிவிடும் என்பதை வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லது.

லெஸ் பால், மிச்சிகனின் கலமசூவில் இருந்த கிப்சன் நிறுவனம் ஃபெண்டருக்குத் தந்த பதில். 1952இல் வந்த அதன் மஹோகனி உடலுக்கு மேலே மேப்பிள் பலகை வைக்கப்பட்டது; கழுத்து உடலோடு ஒட்டப்பட்டது. 1957இல் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப் இதில் ஏறியது. ஒற்றைச் சுருள் பிக்கப், தந்தியின் அதிர்வோடு சுற்றிலும் உள்ள மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்தே பிடிக்கும். ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள் எதிரெதிராக இணைக்கப்பட்டு, காந்தத் துருவங்களும் எதிராக வைக்கப்படுவதால், இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, இசை மட்டும் கூடிப் பெருகும். அந்தக் கூடுதல் வலு வால்வு ஆம்ப்ளிஃபயரைத் திணறவைத்து, நீண்டு நிற்கும் தடித்த கார்வையைத் தருகிறது. வேடிக்கை என்னவென்றால், விற்பனை மந்தமாக இருந்ததால் இந்த வடிவம் 1960களின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. எரிக் கிளாப்டன் போன்ற பிரிட்டிஷ் புளூஸ் கலைஞர்கள் பழைய லெஸ் பால்களைத் தேடி எடுத்து வாசித்த பிறகுதான், 1968இல் அது மீண்டும் உற்பத்திக்கு வந்தது. எடை நான்கு கிலோவைத் தாண்டுவது சாதாரணம். பின்சாய்ந்த தலைப்பகுதி கீழே விழுந்தால் உடைவதற்குப் பெயர்போனது.

ஃபெண்டர் கிட்டார்களில் தந்தியின் அதிரும் நீளம் 25.5 அங்குலம், லெஸ் பாலில் சுமார் 24.75. முக்கால் அங்குலம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஒரே தடிமனுள்ள தந்தியை ஒரே சுருதிக்கு ஏற்ற, நீளமானதில் ஏறத்தாழ 6 சதவீதம் கூடுதல் இழுவை வேண்டும். கர்நாடக இசையின் கமகங்களுக்குத் தந்தியை இழுத்து வாசிக்கப் பழகுபவருக்கு லெஸ் பாலின் தளர்ச்சி இதமாக இருக்கும். அழுத்தி மீட்டித் தெளிவான தாளம் வேண்டுபவருக்கு ஃபெண்டரின் விறைப்பே உதவும்.

விலை எட்டாதென்றால், ஃபெண்டரின் ஸ்குவயரும் கிப்சனின் எபிஃபோனும் இதே நீளங்களில் மலிவாகக் கிடைக்கின்றன. எந்த இசை வாசிப்பது என்று இன்னும் முடிவு செய்யாதவருக்கு ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பரிந்துரைப்பேன். ஆனால் எனக்காக ஒன்றே ஒன்று வாங்குவதாயின், ஆறு தாங்கிகள் கொண்ட டெலிகாஸ்டரைத்தான் எடுப்பேன்.